எதில் 37 சதவீதம்?

ஐயா, வணக்கமுங்க.

கோவையில் உளவியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். போன வாரம் வகுப்பில் சமூக உளவியல் சோதனைகள் பற்றி இருபது நிமிடம் செமினார் எடுத்தேன். ஆஷ், மில்கிராம், ஸ்டான்போர்டு சிறை, புகை அறை என நான்கையும் 32 ஸ்லைடில் சொன்னேன். ஆஷின் கோட்டுச் சோதனையைச் செய்தும் காட்டினேன்: ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்; மற்றவர்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் ஒருவர் அவர்களோடு போகிறாரா என்று பார்ப்பது. ஐந்து தோழிகளைத் தப்பாகச் சொல்லச் சொல்லியிருந்தேன். ஆறாவதாக உட்கார்ந்தவள் மூன்று சுற்றிலும் சரியாகவே சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. "37 சதவீதம் பேர் கூட்டத்தோடு போனார்கள்" என்றதும், "எதில் 37?" என்று மேடம் கேட்டார். முழித்தேன். எங்கே தப்புப் பண்ணினேனுங்க?

ர., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ர.,

அந்த செமினாரில் நடந்த நல்ல விஷயமே உங்கள் மேடம் கேட்ட கேள்விதான். 37 என்பது ஆட்களின் கணக்கு அல்ல, பதில்களின் கணக்கு. ஆஷ் சோதித்தது 123 மாணவர்களை. ஆளுக்கு 18 சுற்று. அதில் 12 சுற்றில்தான் செட்டப் ஆட்கள் பொய் சொன்னார்கள். பெருக்கினால் 1476 பதில்கள். அவற்றில் ஏறத்தாழ 37 சதவீதம் தப்பு, மீதி சரி. ஆட்களை எண்ணினால் வேறு கணக்கு வரும்: ஒருமுறையாவது வழுக்கியவர் நான்கில் மூன்று பேர், கடைசிவரை வழுக்காதவர் நான்கில் ஒருவர். அடுத்தவருக்கு மின்சார ஷாக் கொடுக்கும்படி (உண்மையில் ஷாக் இல்லை) உத்தரவிட்டுப் பார்த்த மில்கிராமின் 65 சதவீதமோ ஆட்கள். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படியையும் முழத்தையும் கூட்டின மாதிரி ஆகிவிடும்.

ஆக, அம்மிணி, உங்கள் சோதனை தோற்கவில்லை. அந்த நான்கில் ஒருத்தி உங்களுக்கு அகப்பட்டிருக்கலாம். ஆனால் ஏற்பாட்டிலும் ஓட்டை இருக்கிறது. மூன்று சுற்றும் பொய் என்றால் முதல் சுற்றிலேயே நாடகம் தெரிந்துபோகும். ஆஷ் முதல் இரண்டு சுற்றில் எல்லோரையும் உண்மை சொல்ல வைத்தார்; நடுவிலும் அங்கங்கே உண்மையைக் கலந்தார். செட்டப் ஆள் ஐந்து பேர் தேவையே இல்லை. ஒருவர் பொய் சொன்னால் தப்பு 4 சதவீதத்தைத் தொடாது. இருவர் என்றால் 14-ஐ ஒட்டி, மூவர் என்றால் 32-ஐ ஒட்டி வரும். அதற்கு மேல் ஆள் சேர்த்துப் பெரிய லாபமில்லை. சிரிக்காத மூன்று பேர் போதும். அவர்கள் அட்டையைப் பார்த்துப் பதில் சொல்லட்டும்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் கதை முடிந்தது.

கோடுகளைத் திரையில் காட்டாதீர்கள். புரொஜெக்டர் சாய்ந்திருந்தால் படம் கோணிக்கொண்டு ஓரத்துக் கோடு நீண்டுவிடும். சார்ட் அட்டையில் ஒரே மார்க்கரால் வரையுங்கள். வித்தியாசம் முக்கால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் கண்ணே குழம்பி, கூட்டத்தால் வந்த தப்பு எது என்று பிரிக்க முடியாது. உட்காருபவர் வேறு துறையாக இருக்கட்டும். முடிந்தவுடன் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், வகுப்பு சிரிப்பதற்கு முன்னால்.

நான்கு சோதனை இருபது நிமிடத்துக்கு அதிகம். ஒரு ஸ்லைடுக்கு நாற்பது விநாடிகூட வரவில்லை. மாணவர்களைக் காவலர், கைதி என்று நடிக்கவைத்த ஸ்டான்போர்டை விட்டுவிடலாம்; காவலர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது பிற்பாடு ஒலிப்பதிவில் வெளிப்பட்டது. அதை அவிழ்க்கவே தனி செமினார் வேண்டும். ஆஷ் ஒருவரையே எடுத்து, அவர் எதை மாற்றியபோது எண் எப்படி மாறியது என்று காட்டுங்கள். உண்மை சொல்லும் துணை ஒருவர் இருந்தால் தப்பு கால்வாசியாகச் சுருங்குகிறது. பதிலை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் நன்றாகக் குறைகிறது. இதை நம்மூரில் விளக்கவே வேண்டாம். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பார்கள். சுற்றி நிற்பவர் காதில் விழாத விலைக்கு மதிப்பே தனி.

அந்த ஆறாவது பெண்ணிடம் ஏதாவது கேட்டீர்களா? ஆஷ் ஒவ்வொருவரையும் பின்னர் உட்காரவைத்து விசாரித்தார்; கடைசிவரை சரியாகச் சொன்னவர்களிலும் சிலர் தம் கண்ணையே சந்தேகித்திருந்தார்கள். அடுத்தமுறை ஐந்து நிமிடம் ஒதுக்கி அவளைப் பேசவிடுங்கள்.