வெளிநாட்டு வாழ்க்கையில் கிறிஸ்தவ விசுவாசம் உங்களுக்குப் பொறுமையையும் நன்றியையும் கற்றுத் தந்ததா?

தந்தது. ஆனால் பிரசங்கங்களில் கேட்டது மண்டையில் ஏறியது, குவைத்தில் சம்பளம் நிலுவையில் நின்ற மாதங்களில்தான்.

சொந்த ஊர் தண்டையார்பேட்டை. அப்பா காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். இரண்டு வருட ஒப்பந்தம், தங்கையின் கல்யாணக் கடன் அடைந்ததும் ஊர் திரும்புவது என்ற கணக்கில் விமானம் ஏறினேன். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலை அம்மா ஆராதனைக்குப் புறப்படும் நேரத்தில் நான் கம்பெனி பஸ்ஸில் இருப்பேன். எங்கள் தமிழ்ச் சபை கூடுவது வெள்ளிக்கிழமை. ஒரே வளாகத்தில் பல மொழிச் சபைகள் என்பதால், முந்தைய கூட்டம் கலையும்வரை வெளியே நிற்க வேண்டும். குவைத் வெயிலில் நின்றவர்களுக்கு அதுவே பொறுமைக்குப் போதுமான பாடம்!

புத்தாண்டு ஆராதனையில், அந்த வருடத்துக்கான வாக்குறுதியாக ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை தருவார்கள். எனக்குக் கிடைத்தது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 29:11. எதிர்பார்க்கும் முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம். அட்டை அச்சடிப்பவர்கள் அதற்கு முந்தைய வசனத்தைத் தொடுவதே இல்லை. அதில் எழுபது வருடம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். எரேமியாவோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். இரண்டு வருட ஒப்பந்தக்காரனுக்கு இது எப்படி உறைத்திருக்கும்!

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும். அப்பாவுக்கோ அப்போதுதான் தலைக்கு மேல் வேலை. எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, கையெல்லாம் கிரீஸோடு வந்துதான் சாப்பிட உட்காருவார். எரேமியாவை நான் அவர் மூலமாகத்தான் புரிந்துகொண்டேன். சம்பளம் வராத மாதங்களில் ஏசி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டேன்.

நன்றிக்கு லூக்கா சுவிசேஷம் 17-ஆம் அதிகாரம். இயேசுவால் குணமான குஷ்டரோகிகள் பத்துப் பேரில் திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், அவனும் யூதர்கள் அந்நியனாக ஒதுக்கிய சமாரியன். நிலுவை கைக்கு வந்த அன்று நாங்கள் எல்லோரும் ஊருக்குப் பணம் அனுப்ப ஓடினோம். எங்கள் அறையிலிருந்த நெல்லூர்க்காரர், தினமும் பிள்ளையார் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுகிறவர், நேரே பக்காலாவுக்கு, அதாவது தெருமுனை மளிகைக் கடைக்குப் போனார். அத்தனை மாதமும் அரிசி, பருப்பைக் கடனாகத் தந்த மலையாளிக் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அந்த வெள்ளிக்கிழமை சபையில் தேவன் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தபோது, கடைக்காரரின் பெயரையும் சேர்த்துத்தான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போது ஊரில் ஏசி பழுதுபார்க்கும் தொழில். நன்றி சொல்லும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பொறுமையைப் பற்றி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது என் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.