வீட்டில் கணக்கு: ரஃப் நோட்டைக் காட்டுங்கள்

கேள்வி: என் மகனுக்கு எந்த ஆன்லைன் கணக்கு புரோகிராம் நல்லது? உடனே பதில் தரவும்.

மகனுக்கு என்ன வயது, பின்னம் வருமா, ஆங்கிலம் படிப்பானா, ஒன்றும் எழுதவில்லை. மருந்துக்கடையில் போய் ‘நல்ல மாத்திரையா ஒன்னு குடுங்க’ என்று கேட்பீர்களா? விவரத்தோடு எழுதுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: மகளுக்கு 9 வயது. செலவில்லாமல் தொடங்க வழி உண்டா?

கான் அகாடமி என்ற பாட இணையதளம் இலவசம். அதில் என்சிஇஆர்டி பாடத்திட்டப்படி வகுப்புவாரியாகவும் பாடம் இருக்கிறது, அதையே தேர்ந்தெடுங்கள். தமிழில் வேண்டுமென்றால் தமிழ்நாடு பாடநூலும் அதிலுள்ள க்யூஆர் கோடு வழியே வரும் வீடியோக்களும் போதும். ஆனால் அங்கே வேகத்தை நிர்ணயிப்பது நீங்கள்தான். எதுவானாலும் பக்கத்தில் ஒரு ரஃப் நோட்டு.

கேள்வி: எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம் என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட், மகனை 2 வகுப்பு கீழே போட்டுவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவனை மறுபடி எழுத வைக்கலாமா?

கூடாது. உங்களுக்கா டெஸ்ட்?

கேள்வி: 10 வயது மகள், எல்லாப் பாடமும் 95 சதவீதத்துக்கு மேல். ஆனால் 402-லிருந்து 178-ஐத் தாளில் கழிக்கச் சொன்னால் விழிக்கிறாள். புரோகிராமை மாற்றலாமா?

மாற்றினால் அடுத்ததிலும் 95 வாங்குவாள்! நாலு விடையில் ஒன்றைத் தொடுவதும், ‘ஹின்ட்’ பட்டனைத் தட்டி வழிமுறையைப் பார்த்துக்கொள்வதும் கணக்கு ஆகாது. ஒரே மாதிரிக் கணக்கைப் பத்துத் தடவை தொடர்ந்து கொடுத்தால் யாருக்கும் பதினோராவது சரியாகத்தான் வரும். பத்துகளின் இடத்தில் பூஜ்யம் இருக்கும்போது நூறிலிருந்து கடன் வாங்குவதை அவள் கையால் எழுதிப் பழகவில்லை. கோளாறு அங்கேதான்.

என்னிடம் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். மூன்றே மாதத்தில் ஒரு வருடப் பாடம் முடித்துவிட்டான் என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ‘2/5’ என்றான். தப்பு போகட்டும், அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைவாக வருமா என்ற சந்தேகம்கூட அவனுக்கு எழவில்லை. நோட்டு எங்கே என்றேன். ‘எல்லாம் ஆன்லைன்தான் சார்’ என்றார் அப்பா. எனக்கு ரத்தக்கொதிப்பு வருவது இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

தேதி போட்டு, கணக்கை எழுதி, படிப்படியாகச் செய்து, அப்புறம்தான் விடையைத் திரையில் தட்ட வேண்டும். தப்பானால் அழிக்கக்கூடாது, ஒரு கோடு போதும். சனிக்கிழமை போன மாதப் பாடங்களிலிருந்து ஐந்து கணக்கைக் கலந்துகட்டித் தாளில் கொடுங்கள். சதவீதத்தை மறந்துவிட்டு அந்த ஐந்தைப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்க புரோகிராம் ஒன்றுக்கு வருடச் சந்தா 10,000 ரூபாய்க்குக் கிட்டே ஆகிறது. கட்டலாமா?

முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள். அமெரிக்கப் பாடத்தில் லட்சம், கோடி வராது, மில்லியன்தான். அளவுகளில் அங்குலமும் பவுண்டும் நிறைய. அதை நீங்கள் தனியே ஈடுகட்ட வேண்டும். புதிர் பிடித்த பிள்ளைக்கு பீஸ்ட் அகாடமி என்ற அமெரிக்க புரோகிராம் அருமை, ஆனால் ஆங்கிலம் தடையில்லாமல் வாசிக்க வேண்டும். ஐஎக்ஸ்எல் என்ற இன்னொரு புரோகிராமில் ஒரு விடை தப்பினால் ஸ்கோர் இறங்கும். சில பிள்ளைகள் அழுதே விடும்.

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இந்த புரோகிராம்களே போதுமா?

போதாது. பள்ளிக்குப் போகாதவர்களும் தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்ஐஓஎஸ்) வழியாக எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். தேர்வுக்கு ஒரு வருடம் முன்னாலேயே அவர்களுடைய பாடப்புத்தகத்துக்கும் பழைய வினாத்தாள்களுக்கும் வந்துவிடுங்கள். அங்கே வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு. வழிமுறையை எழுதிப் பழகும் இடம் எது என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: டேப்லெட்டில் ஸ்டைலஸால், அதாவது திரையில் எழுதும் பேனாவால், எழுதினால் ரஃப் நோட்டுக்குச் சமம்தானே?

இல்லை. ஒரு தட்டு தட்டினால் தப்பு தடமில்லாமல் போய்விடும். எனக்குப் பார்க்க வேண்டியதே அந்தத் தப்புதான். நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.