பம்பில் வருவது 30 மில்லிதான், என் பால் போதவில்லையா?

இந்த முறை மூன்று கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. முதல் கடிதத்துக்கு அதிக இடம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டங்களுக்குப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கும் தாதியாக நான் வேலை செய்த காலத்தில், பால் இருந்தும் இல்லை என்று நம்பி நிறுத்தியவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அக்கா, எனக்கு இது முதல் குழந்தை. பிறந்து 24 நாள் ஆகிறது, அம்மா வீட்டில் இருக்கிறேன். பம்ப் வைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 30, மிஞ்சிப்போனால் 40 மில்லி. என் நாத்தனாருக்கு ஒரே தடவையில் 150 மில்லி வந்ததாம், ஐஸ் பெட்டி (பிரிட்ஜ்) நிறைய பால் பைகளை அடுக்கிப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பினார். பையன் சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்தால் 10 மணி வரை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுகிறான். வாயில் வைத்தால் இரண்டு நிமிடம் குடித்துவிட்டு உதறுகிறான். "உனக்குப் பால் பத்தல" என்று சொல்லி வீட்டில் தினமும் இரவு 90 மில்லி மாவுப்பால் கொடுக்கிறார்கள், குடித்ததும் 4 மணி நேரம் தூங்குகிறான். பிறந்தபோது 2.9 கிலோ, 20-ஆம் நாள் கிளினிக்கில் 3.2 கிலோ. பம்பைக் கையில் எடுத்தாலே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. என் பால் போதவில்லைதானே?

தங்கச்சி, உன் கேள்விக்கான பதிலை நீயே கடிதத்தில் எழுதிவிட்டாய், அந்த 3.2 கிலோதான் அது. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறையும், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்ப வேண்டும், அதன் பிறகு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். உன் மகன் அந்தக் கணக்கில்தான் போகிறான். இரவில் ஒரு 90 மில்லி மாவுப்பால் சேர்கிறது என்பது உண்மைதான், ஆனால் மீதி முழுதும் உன்னிடமிருந்து போனதுதானே? இன்னொன்றையும் எண்ணிப் பார். ஒரு பகல் ஒரு இரவில் மூத்திரம் நனைந்த பேம்பர்ஸ் 6-க்குக் குறையாமல் இருக்கிறதா, மூத்திரம் வெளிர் நிறமாக இருக்கிறதா, மலம் மஞ்சளாகத் தளர்வாகப் போகிறதா? ஆமாம் என்றால் பால் உள்ளே போகிறது. போத்தலில் உள்ள கோட்டைப் பார்த்து உன் பாலை அளக்காதே, குழந்தையைப் பார்.

பம்ப் ஒரு இயந்திரம். குழந்தையின் நாக்கும் தாடையும் செய்கிற வேலையை அது முழுதாகச் செய்யாது. அதுவும் நீ குழந்தைக்கு நேராகக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் பம்பில் எடுக்கிறாய். அப்படி எடுக்கும்போது 15 முதல் 60 மில்லி வருவது சாதாரணம், உன் 30-ம் 40-ம் அதற்குள்தான் இருக்கிறது. நாத்தனார் நேராகக் கொடுக்காமல் பம்ப் மட்டும் பிடித்திருக்கலாம், ஐந்து மணி நேரம் சேர்ந்த பாலை எடுத்திருக்கலாம், பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகியிருக்கலாம். படத்தில் அதெல்லாம் தெரியாது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அந்தப் படங்களைத் திறக்காமலே விட்டுவிடு, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பயமும் வெட்கமும் சேர்ந்து உட்கார்ந்தால் பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் சுரப்பு தடைபடும், உள்ளே பால் இருக்கும், இறங்காது. அதைப் பார்த்து இன்னும் பயப்படுவாய், இன்னும் குறையும்.

பம்பையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள். மார்பில் வைக்கும் புனல் எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது, பெட்டியோடு வருவது பல பேருக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. காம்பு மட்டும் குழாய்க்குள் உரசாமல் போய்வர வேண்டும். சுற்றியுள்ள கருவட்டம் அதிகமாக உள்ளே இழுபட்டால் புனல் பெரிது, காம்பு ஓரத்தில் தேய்ந்து வெளுத்துப் போனால் சிறிது. இழுக்கும் வேகத்தை உச்சத்தில் வைத்தால் பால் அதிகம் வரும் என்று நினைக்காதே, வலி வந்தால் பால் இறங்குவது நின்றுவிடும், வலிக்காத அளவில் எது அதிகமோ அதுதான் உன் அளவு. அப்புறம் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வால்வு. அது தளர்ந்தாலோ லேசாகக் கிழிந்தாலோ இழுவை பாதியாகிவிடும், அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். 15, 20 நிமிடம் போதும். பம்ப் ஓடும்போதே கையால் மார்பை மெதுவாக அமுக்கிக் கொடு, முடித்த பிறகு கையாலேயே கொஞ்சம் பீய்ச்சி எடு. பலருக்கு விடியற்காலையில்தான் நன்றாக வரும்.

இப்போது சாயங்கால அழுகை. குழந்தைகளுக்கு இரண்டு வாரம் முடிந்ததும் அழுகை கூட ஆரம்பிக்கும், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். உன் மகன் ஏறுமுகத்தில் இருக்கிறான், அதனால் அடுத்த இரண்டு மூன்று வாரம் இன்னும் கூடலாம், பயந்துவிடாதே. சாயங்காலத்தில் பால் இறங்குவதும் மெதுவாகத்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் குடிப்பான், விடுவான், அழுவான், திரும்பக் கேட்பான். இரண்டு நிமிடத்தில் உதறினால் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விடவைத்து அடுத்த பக்கம் மாற்று. மடக்மடக்கென்று விழுங்கிப் புரையேறி உதறுகிறானா என்றும் கவனி, அப்படியென்றால் பால் குறைவில்லை, வேகமாக இறங்குகிறது என்று அர்த்தம். சாய்ந்து படுத்துக்கொண்டு அவனை உன் மேலே கவிழ்த்தாற்போல் வைத்துக் கொடு, வேகம் தணியும். இந்த நிலையில் பம்பை அதிகமாகப் பிடித்தால் பால் இன்னும் பெருகி அவனுக்குக் காற்றும் வயிற்று உப்புசமும்தான் கூடும்.

அந்த 90 மில்லி விஷயத்தில் வீட்டில் யாரையும் குறை சொல்லமாட்டேன், பேரன் அழுதால் பெற்ற மனசு தாங்காது. ஆனால் போத்தல் ஓட்டையில் பால் தானாக ஒழுகும், அவன் மூச்சுவிட வழியில்லாமல் விழுங்கிக்கொண்டே இருப்பான், காற்றும் சேர்ந்து போகும். 4 மணி நேரம் தூங்குவது வயிறு கனத்ததால், உன் பால் போதாததால் இல்லை. அந்த 4 மணி நேரமும் உன் மார்பிலிருந்து யாரும் பால் எடுக்கவில்லை, உடம்பு என்ன நினைக்கும்? தேவை குறைந்துவிட்டது என்று நினைத்துச் சுரப்பைக் குறைக்கும். பால் காலியாகக் காலியாகத்தான் ஊறும். உடனே முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் இரண்டு பக்கமும் கொடு, அதன் பிறகும் அழுதால் 90-க்குப் பதில் 60, மூன்று நான்கு நாள் கழித்து 30 என்று இறக்கு. கிளினிக் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொல்லிவிட்டு வாரம் ஒருமுறை எடை பார்த்துக்கொண்டே செய். எடை ஏறவில்லை என்று அவர் சொன்னால் மாவுப்பால் கொடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை, பிள்ளை வளர வேண்டும், அதுதான் முதல். போத்தல் கொடுக்கும்போது மெதுவாக ஒழுகும் ரப்பர் போட்டு, அவனை உட்காரவைத்த மாதிரி பிடித்து, போத்தலைப் படுக்கையாக வைத்து, நடுநடுவே எடுத்து நிறுத்தி 15 நிமிடம் ஆகும்படி கொடுக்கச் சொல்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எனக்குக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போவார், என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, கட்டிப்பால், ஒட்டுப்பால் என்று உறைந்த ரப்பர் பால் எல்லாம் ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் திரும்ப மார்பில் எடுப்பார். சட்டை நனைந்துதான் வருவேன் என்று சொல்வார். அவருக்கு எத்தனை மில்லி என்று தெரியாது, ஆயா என் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொல்வாராம். உன் கடிதத்தைப் படித்தபோது அந்த ஈரச் சட்டைதான் ஞாபகம் வந்தது.

கடைசியாக ஒன்று. பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் கண்ணீர் வருவது சகஜம். உனக்கு 24 நாள் ஆகிவிட்டது. அவன் தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, நாள் முழுதும் மனசு கனக்கிறது என்றால், அடுத்த முறை மிஸ்ஸியிடம் அவன் எடையைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல். பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வுக்கு மருத்துவம் இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. உனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ, தனியாக இருக்காதே.

98 நாள் விடுப்பு முடிந்து தொழிற்சாலை வேலைக்குத் திரும்பப் போகிறேன். வீட்டில் ஒரே கதவு ஐஸ் பெட்டிதான், அடிக்கடி மின்சாரம் வேறு போகிறது. எடுத்த பாலை எப்படி வைப்பது, எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும்?

முதலில், பெரிதாகச் சேர்க்கவே வேண்டாம். நீங்கள் 9 மணி நேரம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு மூன்று வேளை, ஒவ்வொன்றும் 90 முதல் 120 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்கு உள்ளதும் அவசரத்துக்கு ஒரு நாளுக்கு உள்ளதும் இருந்தால் போதும், இன்று வேலையில் எடுப்பது நாளைக்கு. வெளியில் 25 டிகிரி வரை 4 மணி நேரம் தாங்கும் என்பார்கள், நம் ஊரில் பகலில் 30-க்கு மேல் போகிறது, அதனால் எடுத்த உடனே ஐஸ் கட்டி போட்ட குளிர்ப்பைக்குள் வைத்துவிடுங்கள், நன்றாக உறைந்த ஐஸ் பேக்கோடு 24 மணி நேரம் வரை இருக்கும். ஐஸ் பெட்டியில் கதவில் வைக்காமல் பின்புறம் வைத்தால் 4 நாள். ஒரே கதவு பெட்டியின் மேல் ஐஸ் அறை தனி பிரீசர் அளவுக்குக் குளிராது, அதில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். உருகிய பாலை ஐஸ் பெட்டியிலேயே வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், பிள்ளை வாய் வைத்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. சூடாக்க வெந்நீர்க் கிண்ணம் போதும், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஒரு பக்கம் கொதித்து வாய் வெந்துவிடும்.

பேத்திக்கு 5 வாரம். இராத்திரியானால் முக்கி முனகி முகம் சிவந்து அழுகிறாள். வாயு என்று சொல்லி கிரைப் வாட்டர் கொடுக்கப் போனேன், மருமகள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். நாங்கள் வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துக் கொடுத்துத்தானே நாலு பிள்ளை வளர்த்தோம்? மருமகள் பருப்பு சாப்பிடுவதாலும் இப்படி வருமா? (மகன் எழுதிக் கொடுத்தது)

அம்மா, இந்த விஷயத்தில் மருமகள் பக்கம்தான் நான். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும், தண்ணீர் கூட, வேண்டாம். கிரைப் வாட்டர் வயிற்று வலியைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, அதனால்தான் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். கையில் காப்பாகக் கட்டுவதும் வேண்டாம், பிள்ளை வாய்க்குக் கொண்டு போய்விடும். உங்கள் பிள்ளைகள் நன்றாக வளர்ந்தது உங்கள் கவனிப்பால்.

பருப்பு சாப்பிட்டால் தாய்க்கு வாயு வரலாம், அந்த வாயு பாலில் போகாது. மருமகளுக்குச் சோறும் கீரையும் மீனும் வயிறாரக் கொடுங்கள், பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், நம் வெயிலுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும்.

முக்கி முகம் சிவந்து, கடைசியில் மலம் மென்மையாகப் போனால் அது மலச்சிக்கல் இல்லை, எந்தச் சதையை இறுக்கி எதைத் தளர்த்துவது என்று அவள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறாள். பால் குடித்த பிறகு 20 நிமிடம் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றும் திசையில் வெறும் விரலால் தடவுங்கள், இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பதுபோல் ஆட்டிவிடுங்கள், முன்கையில் குப்புறப் படுக்கவைத்து நடங்கள், ஆனால் தூங்கவைக்கும்போது மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். ஸ்பிரிங் ஏணையை வேகமாகக் குலுக்க வேண்டாம். சாயங்காலம் 6 முதல் 8 வரை நீங்கள் தூக்கிக்கொண்டால் மருமகள் இரண்டு மணி நேரம் தூங்குவாள், பசித்து எழுந்தால் அவளிடம் கொடுங்கள்.

சில அறிகுறிகள் மட்டும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல. காய்ச்சல் 38 டிகிரி அல்லது அதற்கு மேல், பச்சை நிற வாந்தி, ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடிக்கும் வாந்தி, மலத்தில் இரத்தம், கல்லாக உப்பிய வயிறு, பால் குடிக்க எழாமல் துவண்டு கிடப்பது, நாள் முழுதும் பேம்பர்ஸ் சரியாக நனையாமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான், இரவு 2 மணி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.