மூளை ஆய்வுக்குப் போக விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

"இரும்பால் மூளை செல் சாகிறதாம்; இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள்?" என்று சனிக்கிழமை கேட்டீர்கள். தாங்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே சென்ற ஐந்து நிமிடத்தில், இந்த ஆய்வில் தமக்கு ஆர்வம் வரப் பாட்டியின் பார்க்கின்சன் நோய்தான் காரணம் என்று மகள் சொல்லிவிட்டார்.

தாங்கள் சொன்ன, இரும்பால் செல் சாகும் அந்த முறைக்கு ஃபெரோப்டோசிஸ் என்ற பெயர், 2012இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூட்டியது. பலகாரம் சுட்டு மீந்த எண்ணெய் நாள்பட்டுக் காறிப்போவது போன்ற ஆக்சிஜனேற்றமே, இரும்பின் தூண்டுதலால் செல் சவ்வின் கொழுப்பில் நிகழ்கிறது. அதைத் தடுக்கும் ஜிபிஎக்ஸ்4 நொதியோ அதற்குத் துணையான குளுட்டாதயோனோ குறைந்தால் சவ்வு சிதைந்து செல் மடிகிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுவதாலும், எளிதில் காறும் கொழுப்பு அதில் மிகுந்திருப்பதாலும், இந்த ஆபத்து அங்கே கூடுதல். பார்க்கின்சன் நோயாளிகளின் நடுமூளையில் இரும்பு மிகுந்து காணப்படுவதும் உண்மை.

அப்படியானால் இரும்பை நீக்கிவிடலாமே என்று தோன்றும். ஆரம்பநிலை நோயாளிகள் 372 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் மருந்தை 36 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. மூளையில் இரும்பு குறைந்தது; நோய்க்குறிகளோ போலி மருந்து உட்கொண்டவர்களைவிட மோசமாயின. இந்நோயில் மூளையில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். (ஆகவே, மருத்துவர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையை வீட்டில் எவருக்கும் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம்.)

இவ்வளவு விரைவாகக் கருத்துகள் மாறும் துறையில், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே ஒரே தலைப்பைப் பற்றிக்கொள்வதைவிட, செல் வளர்ப்பு, நுண்ணோக்கிப் படமெடுத்தல், கொழுப்புப் பகுப்பாய்வு ஆகியவற்றைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வதே நல்லது என்பேன். இவை தெரிந்தவருக்கு மருந்து நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களிலும் இடமுண்டு. முதுகலைக்கு, ஐஐடிகள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வின் உயிரித்தொழில்நுட்பத் தாளை எழுதலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தையும் பாருங்கள். சென்னை ஐஐடியிலேயே சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இயங்குகிறது. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டுகள் ஆகலாம் என்ற தங்கள் கவலை நியாயமானதே. ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால், முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் உதவித்தொகையாக வரும். வீட்டு வாடகைப் படி தனி.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மகளின் மதிப்பெண் பட்டியலில் மிகக் குறைவாக இருப்பது கரிம வேதியியல். அவர் விரும்பும் துறையோ முழுக்க முழுக்க வேதியியல். அடுத்த செமஸ்டருக்குள் அதற்கு ஒரு நல்ல ஆசிரியரைப் பாருங்கள். மற்றதை மே மாதம் பேசிக்கொள்ளலாம்.