நிழல் ஒன்று, ஆங்கிலச் சொல் இரண்டு

கேள்வி: ஷேட், ஷேடோ இரண்டுக்குமே அகராதியில் ‘நிழல்’ என்றுதான் போட்டிருக்கிறது. மரத்தின் ‘ஷேடோ’வில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று என் மகள் கட்டுரையில் எழுதியதை ஆசிரியை ‘ஷேட்’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்கிறோமே, அந்த நிழல் ஷேட். ‘நிழல்போல் தொடர்கிறான்’ என்கிறோமே, அது ஷேடோ. வெயில் படாத இடம் ஷேட். ஒளியை மறைக்கும் பொருளின் உருவம் தரையிலோ சுவரிலோ கறுப்பாக விழுந்தால் ஷேடோ. உட்கார முடிந்தால் ஷேட், ஓரத்தைச் சுற்றிக் கோடு போட முடிந்தால் ஷேடோ என்று மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வெயிலில் கொடிக்கம்பத்துக்கு ஷேடோ உண்டு. ஒதுங்க ஷேட் கிடையாது. வானம் முழுக்க மேகம் மூடிய நாளில் மரத்தடியில் ஷேடோ தெரியாது, ஆனால் அங்கே வளரும் செடிக்கு அது ஷேட்தான்.

ஷேடோவை எண்ணலாம். இரவு ஆட்டத்தில் நான்கு மூலை விளக்குகளுக்கு நடுவே நிற்கும் வீரருக்கு ‘ஃபோர் ஷேடோஸ்’. நிழல் என்ற பொருளில் ஷேட்டை எண்ணுவதில்லை. ‘சம் ஷேட்’, ‘இன் த ஷேட்’ என்பதே வழக்கு. எண்ணத் தொடங்கினால் பொருளே மாறிவிடும்: ‘டூ ஷேட்ஸ் ஆஃப் புளூ’ என்றால் நீலத்தில் இரண்டு சாயல்கள், பேச்சுவழக்கில் ‘ஷேட்ஸ்’ என்றால் கறுப்புக் கண்ணாடி, ‘எ ஷேட் டூ பிக்’ என்றால் ஒரு பொட்டுப் பெரிது.

மகள் எழுதியது இலக்கணப் பிழை அல்ல. ஆனால் படிப்பவர் மனத்தில் குளிர்ச்சிக்குப் பதில் இருட்டு வந்து நிற்கும். ‘இன் த ஷேடோஸ்’ யாரோ நிற்கிறார் என்றால் இருளில் மறைந்து நிற்கிறார் என்று பொருள். இரண்டும் உண்மையிலேயே உரசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மைதானத்தில் பாதி வெயில், பாதி நிழல் என்று காட்சியை மட்டும் வர்ணிக்கும்போது, ‘த’ சேர்க்காமல் ‘இன் ஷேடோ’ என்பார்கள். அங்கே ஷேட் போட்டாலும் குறையில்லை. ஒளிப்படக்காரர்கள் மட்டும் முகம் ‘இன் ஷேடோ’ என்பதை விடமாட்டார்கள்.

தமிழ்வழி சிந்திப்பவர்கள் இன்னொரு இடத்திலும் வழுக்குவார்கள். குளத்து நீரில் நிலவின் நிழல் தெரிகிறது என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் அது ஷேடோ அல்ல, ‘ரிஃப்ளெக்ஷன்’. நிழல் உலகம் என்று செய்தித்தாள்கள் எழுதுவதும் ‘ஷேடோ வேர்ல்ட்’ ஆகாது; ‘அண்டர்வேர்ல்ட்’.

கேள்வி: இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா?

பதில்: ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் ‘sceadu’ என்று எழுதப்பட்ட பெயர்ச்சொல்லின் எழுவாய் வடிவம் ஷேட் ஆயிற்று. வேற்றுமை ஏற்ற வடிவம் ஷேடோ ஆயிற்று. புல்வெளியைக் குறிக்கும் ‘மெடோ’வும், கவிதையில் மட்டும் எஞ்சியிருக்கும் ‘மீட்’டும் இதே மாதிரிப் பிரிந்த ஜோடி.

கேள்வி: ‘ஷேடி’, ‘ஷேடோயி’?

பதில்: இடத்தைச் சொன்னால் ‘ஷேடி’ நிழலானது. ஆளையோ வியாபாரத்தையோ சொன்னால் நம்பத்தகாதது. நல்லவரைப் பாராட்ட நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ‘ஷேடோயி’ என்றால் மங்கலானது, முழுக்கப் பிடிபடாதது. ‘ஷேடோயி ஃபிகர்’ கெட்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை. யாரென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.