டீசல் ஊற்றிய பிறகும் பழைய லாரி ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

ஆரல்வாய்மொழி பக்கம் டீசல் தீர்ந்து நின்ற பழைய லாரி, கேனில் வாங்கி ஊற்றியும் கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் ஏர் லாக்தான். அதாவது, டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொள்வது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்க ஏறத்தாழ 200 பார் அழுத்தம் வேண்டும். டீசல் லேசில் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். பம்பின் அழுத்தமெல்லாம் அதிலேயே போய்விடும். கிணற்று மோட்டார் காற்று வாங்கினால் ஓடும், தண்ணீர் ஏறாது இல்லையா, கிட்டத்தட்ட அதே கதை.

டீசல் ஃபில்டர் மேலுள்ள பிளீடிங் ஸ்குரூவை, அதாவது காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, நுரை நிற்கும்வரை கைப்பம்பை அடித்து, பிறகு இறுக்குங்கள். சும்மா செல்ஃப் அடித்தால் பேட்டரிதான் இறங்கும்.

அப்புறம், டீசல் தீர்ந்தால்தான் ஏர் லாக் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். டேங்க் நிறைந்திருந்தாலும் நைந்த வாஷர், வெடித்த ஹோஸ் வழியே காற்று உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமலே.