ஆஸ்டின் பூங்காவில் கறி விருந்து: பாப்பாரப்பட்டித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். சொந்த ஊர் பாப்பாரப்பட்டி. வேலைக்காக டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. ஆவணியில் தருமபுரியில் திருமணம். திரும்பி வந்ததும் அலுவலக நண்பர்களுக்கும் அங்குள்ள நம் ஊர்க்காரர்களுக்கும் பூங்காவில் ஆடம்பரமில்லாமல் ஒரு பார்பிக்யூ விருந்து வைக்க வேண்டும். சுமார் 60 பேர். உங்களோடு வரும் அப்பா அம்மாவும் நிறைவாகச் சாப்பிட வேண்டும். 1,500 டாலருக்குள் முடியுமா, யாரைப் பிடிப்பது?

முடியும். ஆனால் கல்யாணத்துக்கென்றே கடை விரித்திருக்கும் கேட்டரிங்காரரிடம் போனால் முடியாது.

நான் இப்போது விடுமுறையில் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். அக்கா மகளுக்குக் கல்யாணம். பக்கத்து அறையில் அக்கா சமையல்காரரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்: இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒப்படைப்பதா, அவர் எழுதித் தரும் பட்டியலுக்கு மளிகையும் கறியும் நாமே வாங்கிப் போட்டுவிட்டுக் கூலி மட்டும் கொடுப்பதா? அக்கா இரண்டாவதில் பிடிவாதமாக இருக்கிறார். டெக்சாஸ் பார்பிக்யூவிலும் இதே இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று தலைக்கணக்கு. ஆள் வந்து, மேசை போட்டு, பரிமாறி, துடைத்துவிட்டுப் போவார்கள். மற்றது எடைக்கணக்கு. இத்தனை பவுண்டு கறி என்று சொல்லி முன்பதிவு செய்து, நாமே போய் எடுத்துக்கொள்வது அல்லது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகச் சொல்வது. அக்காவின் கட்சிதான் உங்களுக்கும் சரி.

தலைக்கணக்கு எங்கே கடிக்கும் என்று பாருங்கள். ஒருவருக்கு 25 டாலர் என்று ஒரு கேட்டரிங்காரர் சொல்கிறார் என்று வையுங்கள். 60 பேருக்கு 1,500. கணக்குக்குள் வந்துவிட்டதே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆஸ்டினில் விற்பனை வரி 8.25 சதவீதம். அது 123 டாலர் 75 சென்ட். பில்லின் அடியில் சேவைக் கட்டணம் 20 சதவீதம் என்று எழுதியிருந்தால் இன்னொரு 300. மொத்தம் 1,920 டாலரைத் தாண்டிவிடும். தட்டு, கரண்டி, மேசை, வண்டி வாடகை எல்லாம் இதில் அடக்கமா, தனியா என்பது அடுத்த கேள்வி. அந்தச் சேவைக் கட்டணம் பரிமாறுகிறவர்கள் கைக்குப் போகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். முதலாளியின் கல்லாவுக்குத்தான் போகிறது என்றால், பரிமாறியவர்களுக்கு டிப்ஸ் நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தலைக்கணக்கில் இன்னொரு வில்லங்கம் நம் ஆட்கள். வருவீர்களா என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். பிறகு ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேராக வந்து நிற்பார்கள். இங்கே அதற்குத் தோதாக ஒரு பந்தி கூடப் போட்டுவிடலாம். அங்கே கேட்டரிங்காரர் சில நாள் முன்பே ஆள் எண்ணிக்கையை உறுதி செய்யச் சொல்வார். குறைந்தாலும் முழுக்காசு, கூடினால் சோறு போதாது. எடைக்கணக்கில் இந்தத் தலைவலி பாதிதான்.

சரி, எவ்வளவு கறி வேண்டும்? எலும்பில்லாத சமைத்த கறி ஆளுக்கு மூன்றில் ஒரு பவுண்டு, அதாவது 150 கிராம் போதும். கடைக்காரர் அரைப் பவுண்டு என்பார். ரொட்டித் துண்டோடு கறியை மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கு அது சரி. உங்கள் மேசையில் பிரியாணியும் தயிர்சாதமும் இருக்கப்போகிறது. 60 பேரில் குழந்தைகளும் சைவக்காரர்களும் 15 பேர் என்று வைத்தால், மீதி 45 பேருக்கு 15 பவுண்டு. அதையும் ஒரே கறியாக எடுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

டெக்சாஸ் பார்பிக்யூ என்றால் நாம் நினைக்கும் தணலில் சுட்ட துண்டு அல்ல. ஆஸ்டினைச் சுற்றியுள்ள மத்திய டெக்சாஸில் போஸ்ட் ஓக் என்ற மரத்தின் விறகை ஒரு பக்கம் எரியவிட்டு, அதன் புகையிலும் மிதமான சூட்டிலும், ஏறக்குறைய 250 டிகிரி பாரன்ஹீட்டில், 12 மணி நேரமோ அதற்கு மேலோ வைத்து எடுப்பார்கள். உப்பும் மிளகும்தான் மசாலா. ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பகுதியிலிருந்தும் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் நடத்திய கசாப்புக் கடைகளில் வளர்ந்த பாணி இது. இன்றும் எடைபோட்டு, கசாப்புக் கடைக் காகிதத்தில் வைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆஸ்டினுக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் லாக்ஹார்ட். டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகரம் என்று 1999-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்ட ஊர். ஒரு வார இறுதியில் போய்ப் பாருங்கள். வீட்டு விருந்துக்கு வாங்குவதற்குமுன் ருசி தெரிந்துகொள்வது நல்லது.

அந்தப் பாணியின் ராஜா பிரிஸ்கெட், மாட்டின் மார்புக்கறி. பச்சைக்கறியில் கொழுப்பைச் செதுக்கி, புகையில் வைத்து எடுக்கும்போது எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒன்றைச் சமைக்க ஒரு இரவு முழுக்க ஒருவர் நெருப்பின் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் பெயர்பெற்ற கடைகளில் பவுண்டு 30 டாலரைத் தாண்டி விற்கிறது. வயிறு நிரப்ப அதை வாங்கினால் பணம் கரைந்துவிடும். உங்கள் அலுவலகத்தார் ஆசையாகத் தேடுவது அதைத்தான் என்பதால் ஏழு பவுண்டு வாங்குங்கள். 220, 230 டாலரில் முடியும். நம் ஊர்க்காரர்களில் மாட்டுக்கறி தொடாதவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு வான்கோழி நெஞ்சுக்கறி நான்கு பவுண்டு. மீதிக்குக் கோழிதான் கை கொடுக்கும். தொடையும் காலும் சேர்ந்த பெரிய துண்டு ஆளுக்கு ஒன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் சொல்லாமல் வந்து நிற்பவர்களுக்கும் சேர்த்து 30 துண்டு போதும். கோழியை பார்பிக்யூ கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கரியில் சுடும் மெக்சிகோக்காரர்களின் கோழிக்கடைகளும் பாகிஸ்தானியர்களின் கபாப் கடைகளும் பெரும்பாலும் மலிவு. காரமும் நம் நாக்குக்கு ஒத்துவரும். ஹலால் கேட்கும் நண்பர் இருந்தால் அந்தக் கேள்வியும் கபாப் கடையிலேயே தீர்ந்துவிடும்.

மாட்டுக்கறி விஷயத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். பிரிஸ்கெட்டுக்குத் தனி மேசை, தனிப் பலகை, தனிக் கத்தி, தனி இடுக்கி. வரிசையின் கடைசியில் வையுங்கள். சீட்டெழுதி ஒட்டுங்கள். உங்கள் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அதே இடுக்கியால் கோழித்துண்டை எடுப்பதைப் பார்த்துவிட்டால் தட்டைக் கீழே வைத்துவிடுவார்.

சைவம் என்று நினைத்து ஏமாறும் இடம் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களில் இருக்கிறது. பீன்ஸ் பாத்திரத்தைக் கரண்டியால் கிளறிப் பாருங்கள். அடியில் பன்றிக்கறித் துணுக்கு கிடக்கும். பல கடைகளில் பிரிஸ்கெட் வெட்டும்போது விழும் தூளையும் அதிலேயே போடுவார்கள். உருளைக்கிழங்கு சாலட்டில் முட்டை இருக்கும். கேட்காமல் வாங்காதீர்கள். கேட்பதென்றாலும் 'சைவமா' என்று மொட்டையாகக் கேட்காமல், பன்றிக்கறி உண்டா, மாட்டுக் கொழுப்பு உண்டா, முட்டை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சைவக்காரர்களுக்கு என் தேர்வு: முழு மக்காச்சோளத்தைச் சுட்டு எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவியது, பனீர் டிக்கா, ஒரு பெரிய அலுமினியத் தட்டு நிறையக் காய்கறிப் பிரியாணி, இன்னொரு தட்டுத் தயிர்சாதம். தயிர்சாதத்தை வீட்டிலேயே கிளறிவிடலாம். பிரியாணி அங்குள்ள தமிழ் உணவகத்தில் தட்டுக் கணக்கில் கிடைக்கும். ஆட்டுக்கறி இல்லாமல் என்ன கல்யாண விருந்து என்று உங்கள் பக்கத்து மாமன்மார் கேட்டால் அங்கேயே ஒரு தட்டு மட்டன் சுக்காவும் சொல்லிவிடுங்கள்.

இப்போது நாள். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஆவணியில் கல்யாணம் முடிந்து நீங்கள் திரும்பும்போது புரட்டாசி பிறந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் பெருமாளுக்கு இருக்கும் செல்வாக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. புரட்டாசி மாதம் முழுக்கக் கறி தொடாத வீடுகள் ஏராளம். சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் விருந்து வைக்கத் தோதான நாளும் அதே சனிக்கிழமை! பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டுவிட்டுப் பாதிப் பேருக்குத் தயிர்சாதம் மட்டும் போட வேண்டியிருக்கும். கார்த்திகை பிறந்துவிட்டாலோ ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வரமாட்டார்கள். ஆக, அக்டோபர் 18-ஐ ஒட்டித் தொடங்கும் ஐப்பசிதான் உங்களுக்கு வாய்த்த மாதம். அதிலும் தீபாவளியையும் கந்தசஷ்டியையும் விலக்கிப் பாருங்கள். ஆஸ்டினில் வெயிலும் அப்போதுதான் தணிந்திருக்கும். செப்டம்பரில் 95 டிகிரி பாரன்ஹீட்டில் பூங்காவில் உட்காரவைத்தால் பெரியவர்கள் வாடிப்போவார்கள்.

சனியைவிட ஞாயிறு மதியம் நல்லது. அந்தப் பருவத்துச் சனிக்கிழமைகளில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் உள்ளூரில் நடந்தால் சாலையும் நிறையும், கறிக்கடையும் காலியாகும். ஆனால் சில பார்பிக்யூ கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. தேதி சொல்லும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் விலை கேட்கும்போது '60 பேருக்குக் குடும்ப விருந்து, கறியைக் கொண்டுவந்து வைத்தால் போதும்' என்று சொல்லுங்கள். பொய்யில்லை, அது குடும்ப விருந்துதான். கல்யாணம் என்றதும் பூ அலங்காரத்திலிருந்து மேசைத்துணி வரை சேர்த்து ஒரு தொகுப்பு வந்து நிற்கும். உணவு வண்டியை வரவழைக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். குறைந்தபட்சம் இவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒரே ஜன்னல். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 60 பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கல்யாணச் சாப்பாட்டுக்கு அம்மாவை வரிசையில் நிறுத்துவதா?

கறி வந்தபின் செய்ய வேண்டியது. பிரிஸ்கெட்டை முழுதாகவே வாங்குங்கள், வெட்டித் தரச் சொல்லாதீர்கள். வெட்டிய துண்டு சில நிமிடத்தில் ஓரம் காய்ந்து, கொழுப்பு உறைந்து, பழைய செருப்புத் தோலாகிவிடும். காகிதம் சுற்றிய முழுத்துண்டைப் பழைய துண்டுத்துணியில் பொதிந்து, ஐஸ் போடாத ஐஸ்பெட்டியில் வைத்து மூடினால் மூன்று மணி நேரம் சூடு தாங்கும். பந்தி தொடங்கியதும் ஒருவர் நின்று வெட்டட்டும். மேலே உள்ள கறுப்புப் பொருக்கு உடைந்து, உள்ளே ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரியும். அதைப் பார்த்து வேகவில்லை என்று யாராவது முகம் சுளித்தால், புகை பட்டு வந்த நிறம் என்று சொல்லுங்கள். தசைநாரின் ஓட்டத்துக்குக் குறுக்கே, பென்சில் கனத்தில் வெட்ட வேண்டும். ஒரு பிரிஸ்கெட்டில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இரண்டிலும் நார் வெவ்வேறு பக்கம் ஓடும். மெலிந்த பக்கம் முடிந்து கொழுத்த பக்கம் வந்ததும் துண்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நாரோடு சேர்த்து வெட்டினால் எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும் சவ்வு மெல்வது போலத்தான்.

கோழியும் பிரியாணியும் 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறினால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். அடியில் திரி எரியும் தட்டுத்தாங்கிகள் மொத்த விற்பனைக் கடைகளில் கிடைக்கும். பரிமாறவும் குப்பை எடுக்கவும் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரைக் கூலிக்குப் பிடியுங்கள். நண்பர்கள் செய்துவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். புகைப்படம் எடுக்கப் போய்விடுவார்கள்.

பிரிஸ்கெட்டை நீங்களே செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். முதல் நாள் இரவு மாப்பிள்ளை விறகு தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது. கோழிக்கால் சுடுவது வேறு. ஒகேனக்கல்லில் மீனுக்குத் தடவுகிற மாதிரி மிளகாயும் பூண்டும் எலுமிச்சையும் அரைத்து, முதல்நாளே ஊறவைத்து, பூங்காவில் இருக்கும் கம்பி அடுப்பில் வாட்டலாம். நடுவில் 165 டிகிரி பாரன்ஹீட் வந்ததா என்று வெப்பமானி செருகிப் பாருங்கள். அன்றைக்கு அந்தப் பகுதியில் நெருப்பு மூட்டத் தடை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டெக்சாஸில் மழையில்லாத காலத்தில் அடிக்கடி தடை போடுவார்கள்.

இனிப்புக்குக் கேக் வாங்கிக் காசைக் கொட்ட வேண்டாம். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் அடைக்கும் மாங்கூழ், 850 கிராம் டப்பாவில், ஆஸ்டினின் இந்தியக் கடைகளில் இருக்கிறது. தயிரும் கொஞ்சம் ஏலக்காயும் சேர்த்து அடித்தால் ஒரு டப்பாவுக்குப் பத்துச் சிறு குவளை வரும். அலுவலகத்தார் இரண்டாவது முறை கேட்பார்கள், ஏழெட்டு டப்பா வாங்கி வையுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது பூங்காவில் கூரை போட்ட கூடத்தைப் பதிவு செய்வது. ஐப்பசி ஞாயிறுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவு செய்யும்போதே மது அனுமதி உண்டா, கண்ணாடிப் பாட்டில் கொண்டுவரலாமா, வெளியாள் உணவு கொண்டுவந்தால் காப்பீட்டுச் சான்று கேட்பார்களா, மின்சாரம் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேதி கையில் வந்ததும் கறிக்கடையைக் கூப்பிடுங்கள். முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிவரை ரத்து செய்தால் திருப்பித் தருவார்கள் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.